மதிலும் வாயிலும்: சீன இலக்கியத்தில் தோட்டம்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன மெய்யறிஞர் மென்சியஸின் பெயரால் வழங்கும் நூலில் தோட்டங்களைப் பற்றிய உரையாடல் ஒன்று உண்டு. ச்சி நாட்டு மன்னன் சுவானுக்கு ஓர் ஐயம். பண்டைய வென் மன்னனின் தோட்டம் எழுபது லீ பரந்திருந்தும் குடிமக்கள் அதைச் சிறிது என்றனர். தன் தோட்டமோ நாற்பது லீதான். ஆயினும் மக்கள் அதைப் பெரிது என்கின்றனர். இது ஏன்? லீ என்பது ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் கொண்ட சீன நீட்டலளவை. மென்சியஸ் அளித்த விடை எளியது. வென் மன்னனின் தோட்டத்தில் புல் அறுப்போரும் விறகு பொறுக்குவோரும் முயல் பிடிப்போரும் தடையின்றிப் புகுந்தனர். எனவே அது மக்களுக்குப் போதவில்லை. சுவானின் தோட்டத்தில் மான் ஒன்றைக் கொன்றவனுக்கு, மனிதனைக் கொன்றவனுக்குரிய தண்டனை. எனவே அது நாட்டின் நடுவே வெட்டப்பட்ட படுகுழியாகவே மக்களுக்குத் தோன்றியது.

ஒரு தோட்டம் எவ்வளவு பெரிது என்பதை நில அளவையாளர் கூறிவிட முடியாது. அதன் வாயிலில் நிற்பவரைக் கேட்டாக வேண்டும். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சீனப் புலவர்கள் தோட்டங்களைப் பற்றி எழுதியவற்றைப் படிக்கும்போது, மென்சியஸ் தந்த இந்த அளவுகோலை நாம் கைவிடலாகாது.

சீனத் தோட்டம் என்றதும் பலர் மனத்தில் எழும் காட்சி ஒன்றுண்டு: தாமரைக் குளம், வளைந்த பாலம், துளைகள் நிறைந்த ஏரிப்பாறை, மூங்கில் நிழலில் யாழ் மீட்டும் முதியவர். உலகின் இரைச்சலைத் துறந்தோரின் புகலிடம் என்று அதனைப் போற்றுவதும், அந்த இலக்கியத்தை மன அமைதிக்கான மருந்தாகப் பரிந்துரைப்பதும் வழக்கமாகிவிட்டன. இவ்வாசிப்பு பிழையன்று, ஆனால் குறைவுடையது. அம்மரபின் சிறந்த படைப்புகள் அமைதியைப் பாடும்போதே அவ்வமைதியின் விலை என்ன, அதைக் கொடுத்தவர் யார் என்றும் வினவுகின்றன. மதிலை மறந்த படைப்புகளும் அழகியவையே. எனினும், மதிலையும் வாயிலையும் நினைவில் கொண்ட படைப்புகளே உயர்ந்து நிற்கின்றன என்பது என் துணிபு.

பின்னணி ஒன்றை முதலில் கூறுதல் வேண்டும். பழஞ்சீனத்தில் கற்றவன் பெரும்பாலும் அரசுப் பணியை நோக்கியே கற்றான். ஆட்சி நெறியுடன் நடக்கும்போது பணியாற்றுவதும், நெறி கெட்டபோது விலகிக்கொள்வதும் கன்ஃபூசியர் வகுத்த ஒழுக்கம். எனவே விலகிச் செல்லுதல் சோம்பலாகக் கருதப்படவில்லை. வாய் திறவாமல் கூறும் கண்டனமாகவே கருதப்பட்டது. ஆனால் விலகியவனுக்கும் வீடு வேண்டும், சோறு வேண்டும், நண்பர் வேண்டும். அந்த விலகலுக்கு மண்ணும் நீரும் கல்லும் கொண்டு தரப்பட்ட வடிவமே புலவர் தோட்டம். துறவும் உடைமையும் ஒரே மதிலுக்குள் குடியிருக்க நேர்ந்த இடம் அது. அதன் அழகும் அதன் சிக்கலும் அங்கிருந்தே பிறக்கின்றன.

உரிமையாளர் இல்லாத ஊர்

தாவ் யுவான்மிங் (365–427) என்னும் கவிஞர் 405ஆம் ஆண்டில் பெங்சே வட்டத்தின் நடுவர் பதவியை எண்பது நாள் அளவே வகித்தார். பின் அதனைத் துறந்து ஊர் திரும்பினார். விலகலின் முன்மாதிரியாகப் பின்வந்தோர் இவரையே கொண்டனர். ஆனால் இவர் திரும்பிச் சென்ற இடம் பூங்கா அன்று, வயல். அவரே மண்வெட்டி பிடித்தார், களை பறித்தார். 408இல் அவர் வீடு தீக்கிரையாயிற்று. பசியால் பிறர் கதவைத் தட்டிய அனுபவத்தையும் அவர் பாடியிருக்கிறார்.

அவர் எழுதிய 'பீச் மலர் ஊற்று' என்னும் சிறு உரைநடை சீன இலக்கியத்தின் ஏதேன் எனலாம். மீனவன் ஒருவன் ஓடை வழியே படகில் சென்று, வழி மறந்து, இரு கரையும் பூத்து நிற்கும் பீச் மரங்களிடையே புகுகிறான். ஊற்றின் அருகே மலையில் ஒரு சிறு பிளவு. அதன் வழியே நெருக்கிக்கொண்டு நுழைந்தால் மறுபுறம் விரிந்த வயல்கள், குளங்கள், நாய் குரைக்கும் ஓசை, கவலையற்ற முதியோரும் சிறுவரும். ச்சின் பேரரசின் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்தோரின் வழிமரபினர் அவர்கள். வெளியே எத்தனை அரசுகள் மாறின என்பதையும் அறியார். கோழியடித்து, மது வார்த்து மீனவனை விருந்தோம்புகின்றனர். வெளியாரிடம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கின்றனர். அவனோ வழியெங்கும் அடையாளம் வைத்துத் திரும்பி, நேரே ஆட்சியாளரிடம் அறிவிக்கிறான். ஆட்சியாளர் அனுப்பிய ஆட்கள் வழி காணாமல் திரும்புகின்றனர். அதன் பின் எவரும் அவ்விடத்தைக் கண்டதில்லை.

இக்கதையில் நாம் ஊன்றி நோக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, இந்த வானகத்துக்கு உரிமையாளர் எவரும் இல்லை. அது ஒருவரின் ஓய்விடம் அன்று. உழைக்கும் மக்களின் ஊர். இரண்டாவது, இங்கும் ஒரு மதில் உண்டு, அது மலை. ஆனால் அம்மதில் வழி தவறிவந்த ஏழை மீனவனைத் தடுக்கவில்லை. ஆட்சியாளரின் ஆட்களையே தடுக்கிறது. விருந்தினனாக வந்தவனுக்குத் திறந்த வாயில், ஒற்றனாக மாறியவனுக்கு மூடிக்கொள்கிறது. மென்சியஸின் அளவுகோலின்படி இதைவிடப் பெரிய தோட்டம் சீன இலக்கியத்தில் வேறில்லை.

பின்னாளில் தோட்டம் அமைத்த செல்வர்கள் இக்கதையிலிருந்து அந்தக் குறுகிய பிளவை மட்டும் எடுத்துக்கொண்டனர். இருண்ட இடைவழியில் நடந்து, திடீரெனக் குளத்தின் ஒளியைக் காணும் அமைப்பை இன்றும் சூஜோ நகரத் தோட்டங்களில் காணலாம். வழியைப் படி எடுத்தவர்கள் ஊரைப் படி எடுக்கவில்லை.

யாருக்குப் பின் யார்?

தாங் காலத்துப் பெருங்கவிஞரும் ஓவியருமான வாங் வெய் (இறப்பு 761) அரசுப் பணியை விடாமலே தலைநகர் சாங்கானுக்குத் தென்கிழக்கே வாங்சுவான் பள்ளத்தாக்கில் ஒரு நிலப்பண்ணையை வைத்திருந்தார். அங்குள்ள இருபது இடங்களைப் பற்றி அவரும் நண்பர் பெய் தியும் ஆளுக்கு இருபது நாலடிப் பாக்கள் இயற்றினர். பௌத்த அமைதி நிறைந்த அப்பாக்களின் தூய்மையை மறுப்பார் இலர். எனினும் அந்நிலத்தைப் பேணியவர் யார், அங்கு விளைந்ததை யார் உண்டார் என்னும் செய்தி அவற்றில் இல்லை. மனிதர் அரிதாகவே தென்படுகின்றனர். தென்படுவோரும் நிலவொளியைப் போல் காட்சியின் ஒரு கூறாகவே வந்து போகின்றனர்.

ஆனால் வாங் வெய்யின் நேர்மை முதற்பாவிலேயே வெளிப்படுகிறது. அப்பண்ணை அவருக்கு முன் சோங் ஜிவென் என்னும் கவிஞருக்கு உரியதாயிருந்தது. தமக்குப் பின் இங்கு வரப்போகிறவர் யார் என்ற கேள்வியுடன்தான் அவர் தொடங்குகிறார். உரிமைப் பத்திரத்தின் மீதே நிலையாமையை எழுதிவைத்துவிட்டு உள்ளே நுழைகிறார். 755இல் ஆன் லுஷானின் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சியாளர் கையில் சிக்கிய வாங் வெய் அவர்களின் கீழ்ப் பதவி ஏற்கும் கட்டாயத்துக்கு ஆளானார். பேரரசு மீண்டபின் குற்றம் சாட்டப்பட்டு, மன்னிப்புப் பெற்றார். பள்ளத்தாக்கின் அமைதி அவரை வரலாற்றிலிருந்து காக்கவில்லை. அப்பண்ணையை அவர் பௌத்த மடத்துக்கு வழங்கிவிட்டார்.

தனியே மகிழ்வோன்

தோட்ட இலக்கியத்தில் மனச்சான்றின் குரல் தெளிவாக ஒலிப்பது சோங் காலத்து அறிஞர் சிமா குவாங்கிடம் (1019–1086). வாங் ஆன்ஷியின் அரசியல் சீர்திருத்தங்களை எதிர்த்து அரசவையை விட்டு விலகிய அவர், 1073இல் லுவோயாங் நகரில் இருபது மூ நிலம் வாங்கினார். ஒரு ஹெக்டேருக்குச் சற்று மிகுதியான பரப்பு அது. ஐயாயிரம் சுருள்கள் கொண்ட நூலகம், நூற்றிருபது பாத்திகளில் மூலிகைகள், மூங்கில், நீரோடை. 'தனி மகிழ்வுத் தோட்டம்' என்று அதற்குப் பெயரிட்டார். 294 படலங்கள் கொண்ட அவருடைய மாபெரும் வரலாற்று நூல் 1084இல் நிறைவுற்றது. அதன் பெரும்பகுதி அவருடைய லுவோயாங் ஆண்டுகளில் உருவானது.

தோட்டத்தின் பெயரே ஒரு வாதம். தனியே மகிழ்வதைவிடப் பலரோடு மகிழ்வது நன்று என்பது மென்சியஸின் புகழ்பெற்ற போதனை. அதை நன்கறிந்த கன்ஃபூசிய அறிஞர் ஒருவர் தம் தோட்டத்துக்கு நேர்மாறான பெயரைச் சூட்டுகிறார். அத்தோட்டம் பற்றி அவர் எழுதிய குறிப்பில் அதற்கான விளக்கத்தையும் தருகிறார். மக்களோடு மகிழ்வது மன்னர்க்குரியது. வறுமையிலும் மகிழ்வது புனிதர்க்குரியது. இரண்டும் தமக்கு எட்டாதவை. ஒரு கிளை கிடைத்த சிறு குருவியின் மகிழ்ச்சியே தமக்குரியது என்கிறார். அத்துடன் நிறுத்தியிருந்தால் அது தன்னடக்கம் போர்த்திய தன்னலமாகவே முடிந்திருக்கும். ஆனால் குறிப்பின் இறுதியில் ஒருவர் வந்து அவரைக் கண்டிக்கிறார்: சான்றோன் தன் மகிழ்ச்சியைப் பிறரோடு பகிர வேண்டாமா? சிமா குவாங்கின் மறுமொழி நெஞ்சைத் தொடுவது. தம் மகிழ்ச்சி உலகம் வேண்டாம் என்று எறிந்த பொருள். கொடுத்தாலும் கொள்வார் இலர். வற்புறுத்திக் கொடுக்க இயலுமா? ஆனால் எவரேனும் அதைப் பகிர்ந்துகொள்ள விரும்பி வந்தால், இருமுறை வணங்கி அவரிடம் அளிப்பேன் என்கிறார்.

தன் படைப்புக்குள்ளேயே தன்னைக் குற்றம் சாட்டுவோனுக்கு இடம் கொடுப்பது எளிதன்று. வாயிற்கதவைத் தட்டும் ஒருவரை அவர் தம் எழுத்துக்குள் அனுமதித்தார். வாயிலையும் அவர் அடைக்கவில்லை. லுவோயாங்கில் வேனில் தொடக்கத்தில் தோட்டங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவது வழக்கம். வருவோர் தோட்டக்காரருக்குத் தரும் காசில் பாதி உரிமையாளருக்குரியது. சிமா குவாங் தம் பங்கை வாங்க மறுத்ததால், அவருடைய தோட்டக்காரர் அக்காசைக் கொண்டு தோட்டத்துக்கு ஒரு கிணற்று மண்டபம் கட்டினார் என்று மரபாகச் சொல்வர்.

லி கெஃபெய் என்பவர் 1095இல் லுவோயாங்கின் பத்தொன்பது புகழ்பெற்ற தோட்டங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சிமா குவாங்கின் தோட்டம் மிகச் சிறியது, ஏனையவற்றோடு ஒப்பிடத் தகாதது என்று அவர் வெளிப்படையாகவே கூறுகிறார். மக்கள் அதை விரும்பியது தோட்டத்துக்காக அன்று என்கிறார். அந்நூலின் முடிவுரை சீனத் திறனாய்வின் மணிமுடிகளுள் ஒன்று. தோட்டங்களின் வாழ்வும் வீழ்ச்சியும் லுவோயாங்கின் வாழ்வுக்கும் வீழ்ச்சிக்கும் அறிகுறி. லுவோயாங்கின் நிலையோ பேரரசின் நிலைக்கு அறிகுறி. நாட்டின் நலனை மறந்து தன்னலத்தில் திளைக்கும் பெரியோர், முதுமையில் தோட்டத்தில் இளைப்பாறலாம் என்று எண்ணினால் அது கைகூடுமா என்று அவர் வினவுகிறார். பத்தொன்பது தோட்டங்களின் அழகையும் வகை வகையாக விவரித்த பின்னரே அவ்வினாவைத் தொடுக்கிறார். அழகை வெறுப்பவர் அல்லர் அவர்.

கல் சுமந்த படகுகள்

வினாவுக்கு விடை விரைவிலேயே வந்தது. அரிய ஓவியரும் கலைக்காவலருமான பேரரசர் ஹுயிசோங், தலைநகர் கைஃபெங்கில் 1117இல் 'கென் யுவே' என்னும் செயற்கை மலைத்தோட்டத்தைத் தொடங்கினார். 1122இல் அது நிறைவுற்றது. அதற்காகத் தென்னாட்டின் அரிய பாறைகளும் மரங்களும் கால்வாய்ப் படகுகளில் கொண்டுசெல்லப்பட்டன. யார் வீட்டு முற்றத்தில் நல்ல கல்லோ மரமோ இருந்தாலும் அலுவலர் முத்திரையிட்டுக் கைப்பற்றினர். அக்கொடுமை 1120இல் ஃபாங் லா தலைமையில் எழுந்த பெருங்கிளர்ச்சிக்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 1127இல் கைஃபெங் ஜூர்சென் படையிடம் வீழ்ந்தது. முற்றுகையின் கடுங்குளிரில் மக்கள் கென் யுவேயின் மரங்களை விறகுக்கு வெட்டினர். பாறைகளை உடைத்துக் கவண்கற்களாக்கினர். புல் அறுப்போரும் விறகு பொறுக்குவோரும் இறுதியில் உள்ளே புகுந்தனர். ஆனால் வாயில் திறக்கப்பட்டதால் அன்று, நாடு சிதைந்ததால். லி கெஃபெய்யின் மகளும் சீனத்தின் தலைசிறந்த பெண் கவிஞருமான லி சிங்ஜாவ் அக்காலத்தில் தெற்கே தப்பியோடியோருள் ஒருவர்.

திருவிவிலியம் பயின்றோர்க்கு இக்கதை புதிதன்று. ஆகாபு மன்னன் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது எதற்காக? தன் அரண்மனைக்கு அருகில் ஒரு காய்கறித் தோட்டம் அமைப்பதற்காக. நாபோத்தின் குருதி சிந்தப்பட்டதும் அந்தச் சின்னஞ்சிறு விருப்பத்திலிருந்துதான். பேராசை எப்போதும் கோட்டையையும் பொன்னையுமே நாடுவதில்லை. சில வேளைகளில் அமைதியான ஒரு தோட்டத்தை நாடியும் அது வருகிறது.

காகிதத்தில் ஒரு தோட்டம்

மிங் காலத்தில் (1368–1644) தோட்டக் கலை சூஜோ நகரில் உச்சம் பெற்றது. பதவியில் அல்லலுற்றுத் திரும்பிய வாங் சியென்சென், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு தோட்டம் அமைத்தார். ஆளத் தெரியாதவன் காய்கறி பயிரிட்டு வாழ்வதே அவனது ஆட்சி என்னும் பழைய கருத்திலிருந்து அதற்குப் பெயர் வந்தது. ஓவியரும் கவிஞருமான வென் ஜெங்மிங் (1470–1559) 1533இல் அத்தோட்டத்தின் முப்பத்தொரு காட்சிகளை ஓவியமும் பாவுமாகத் தீட்டினார்; அத்துடன் ஒரு குறிப்பும் எழுதினார். தாமும் பதவி துறந்தவரே. ஆனால் ஒதுங்கி வாழ ஒரு மூ நிலமும் தமக்கு வாய்க்கவில்லை என்னும் ஏக்கத்தை அதில் மறைக்காமல் சொல்கிறார். தோட்டத்தைப் பாடிய பெரும்புலவர்களுள் பலர் பிறர் தோட்டத்தையே பாடினர் என்பதை நினைவூட்டும் குறிப்பு அது. வாங்கின் மகன் சூதாட்டத்தில் தோட்டத்தை இழந்தான் என்பர். 1997இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த சூஜோ தோட்டங்களுள் இதுவும் ஒன்று. ஆனால் வென் ஜெங்மிங் கண்ட உருவில் அன்று, பலமுறை திருத்திக் கட்டப்பட்ட உருவில். மிங் இறுதியில் லியு ஷிலோங் என்பவர் 'இல்லாத தோட்டம்' ஒன்றைப் பற்றி எழுதினார். பண்டைத் தோட்டங்கள் எல்லாம் எழுத்தில் மட்டுமே எஞ்சின. ஆகவே தொடக்கத்திலேயே எழுத்தில் அமைத்துவிட்டால் இழப்பில்லை என்பது அவர் வாதம். புன்னகையுடன் சொல்லப்பட்ட வாதம்; ஆனால் புன்னகைக்குப் பின்னே துயரம் உண்டு.

அத்துயரத்தின் முழு ஆழத்தையும் காட்டுவது ச்சி பியாவ்ஜியாவின் வாழ்வு. ஷாவோசிங்கைச் சேர்ந்த இவ்வலுவலர் 1635இல் ஊர் திரும்பி ஒரு குன்றின்மேல் தோட்டம் அமைக்கத் தொடங்கினார். அது நோயைப் போல் தம்மைப் பற்றிக்கொண்டதை அவரே விவரித்துள்ளார். பணப்பை காலியாகும் வரை கட்டினார். நண்பர்கள் கடிந்துகொண்டனர். 1640, 1641 ஆண்டுகளில் பஞ்சம் வந்தபோது அதே மனிதர் கஞ்சித்தொட்டிகளையும் மருந்துச் சாலைகளையும் அமைப்பதில் ஊரூராக அலைந்தார். 1645இல் மஞ்சு அரசு பணிக்கு அழைத்தபோது, இரு அரசுகளுக்கு ஊழியம் செய்ய மனமின்றித் தம் தோட்டத்துக் குளத்திலேயே மூழ்கி உயிர் நீத்தார். தன்னுயிரைத் தானே மாய்ப்பதைத் திருச்சபை ஏற்பதில்லை; நானும் அதைப் போற்றவில்லை. ஆயினும் அவர் நாட்குறிப்பைப் படிப்போர், தோட்டத்தின் மீதான காதலும் பசித்தோர் மீதான கடமையும் ஒரே நெஞ்சில் போராடியதைக் காண்பர். தோட்டத்துக்குள் ஒளிந்துகொண்டவர் என்று அவரைச் சொல்ல எவராலும் இயலாது.

தூய நீர் எங்கே பாய்கிறது?

இம்மரபின் அனைத்தையும் தன்னுள் கொண்டு, அனைத்தையும் விசாரிக்கும் நூல் சாவ் சுவேச்சின் எழுதிய 'சிவப்பு மாடக் கனவு'. ஆசிரியர் 1760களில் மறைந்தார். நூல் 1791இல் முதன்முறையாக அச்சேறியது. ஜியா குடும்பத்தின் மகள் பேரரசரின் துணைவியாகிறாள். அவள் ஒருநாள் வந்து செல்வதற்காகப் பெருஞ்செல்வம் கொட்டிக் கட்டப்படுவது 'பெருங்காட்சித் தோட்டம்'. பின்னர் அவள் ஆணையால் குடும்பத்து இளம்பெண்களும் சிறுவன் பாவ்யூவும் அங்கே குடியேறுகின்றனர். பாட்டும் நட்பும் கண்ணீருமாக அவர்கள் வாழும் அவ்வாழ்வு உலக இலக்கியத்தின் பேரழகுகளுள் ஒன்று.

ஆனால் ஆசிரியர் நம்மை மயங்கவிடுவதில்லை. அத்தோட்டம், ஒழுக்கக்கேட்டுக்குப் பெயர்போன கிளைக் குடும்பத்தின் பழைய தோட்டத்து மண்ணிலேயே கட்டப்படுகிறது. அதனுள் அழகுக்காக அமைத்த பொய்க் குடியானவக் குடிசையைப் பார்த்துப் பாவ்யூ, அக்கம்பக்கத்தில் ஊரோ வயலோ இன்றித் தனித்து நிற்கும் இது இயற்கைக்கு மாறானது என்று தந்தையின் முன்னிலையிலேயே கூறிவிடுகிறான். பின்னர் உண்மையான குடியானவக் கிழவி ஒருத்தி, லியு பாட்டி, அவ்வாயிலில் வந்து நிற்கிறாள். அவளை வேடிக்கைப் பொருளாக்கிச் சிரிக்கின்றனர். அவளும் சிரித்துக்கொண்டே இடம் கொடுக்கிறாள். அன்றைய நண்டு விருந்தின் செலவை அவள் விரல்விட்டுக் கணக்கிடுகிறாள்: இருபது தேல் வெள்ளிக்கு மேல்; தன்னைப் போன்ற உழவர் குடும்பத்துக்கு ஓராண்டு வாழ்வு. ஆசிரியர் அறவுரை எதுவும் சேர்க்கவில்லை. அக்கணக்கு நூலின் நடுவில் ஒரு கல்லைப் போல் கிடக்கிறது. பிற்பகுதியில், அக்குடும்பம் சிதறுண்டபோது சிறுமி ஒருத்தியைக் காப்பாற்ற வருபவளும் இந்தக் கிழவிதான்.

நூலின் புகழ்பெற்ற காட்சி, தாய்யூ என்னும் பெண் உதிர்ந்த மலர்களைப் புதைப்பது. நீரில் விட்டால் என்ன என்று பாவ்யூ கேட்கிறான். தோட்டத்துக்குள் நீர் தூயதுதான். வெளியே மனிதர் வாழுமிடம் சென்றதும் அழுக்காகிவிடும் என்கிறாள் அவள். தோட்டக் கனவின் சாரம் முழுவதும் அவ்விடையில் அடங்கியுள்ளது. அதன் பிழையும் அங்கேயே உள்ளது. உள்ளே வரும் நீரும் வெளியிலிருந்தே வருகிறது. 74ஆம் அதிகாரத்தில் இரவோடிரவாகத் தோட்டம் சோதனையிடப்படும்போது, தீங்கு மதில் ஏறிக் குதித்து வரவில்லை. வாயில் வழியே, விளக்குடன், குடும்பத்தாரின் ஆணையுடன் வருகிறது. முதலில் அழிவோர் பணிப்பெண்கள். சாவ் சுவேச்சின் தோட்டத்தை நேசித்தது போல் வேறெவரும் நேசித்ததில்லை; அதைப் பற்றிய உண்மையை அவரைப் போல் சொன்னவரும் இலர்.

பொய்த் தெருவும் பங்குத் தெருவும்

சீனத் தோட்டத்தின் புகழை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றதில் இயேசு சபைச் சகோதரர் ஒருவருக்குப் பங்குண்டு. பேரரசரின் ஓவியராகப் பணியாற்றிய ழான் தெனி அத்திரே (1702–1768), 1743இல் பெய்ஜிங்கிலிருந்து எழுதிய மடலில் யுவான்மிங்யுவான் என்னும் அரசத் தோட்டத்தை வியந்து விவரித்தார். அம்மடலின் ஒரு பகுதி நம் சிந்தனைக்குரியது. அத்தோட்டத்துக்குள் ஒரு சிறு நகரமே கட்டப்பட்டிருந்தது. குறிப்பிட்ட நாள்களில் அரண்மனை ஊழியர் வணிகராகவும் கூலியாளாகவும் வேடமிட்டுக் கூவி விற்பர், சண்டையிடுவர். வெளித்தெருவுக்கு வர இயலாத பேரரசர் அதைக் கண்டு மகிழ்வார். மக்களை வெளியே நிறுத்திய மதில், முடிவில் மக்களைப் போல் நடிப்போரை உள்ளே கட்டிவைக்க வேண்டியதாயிற்று. 1860இல் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் அத்தோட்டத்தைச் சூறையாடின. பிரித்தானியத் தூதரின் ஆணையால் அது தீக்கிரையானது. கிறிஸ்தவ நாடுகள் எனப்பட்டவற்றின் படைகள் செய்த அச்செயலை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மற்றொரு வழியில் நடந்தவரும் உண்டு. சூஜோவுக்கு அருகிலுள்ள சாங்ஷுவில் 1632இல் பிறந்த வூ லி, ச்சிங் காலத் தொடக்கத்து ஆறு பேரோவியர்களுள் ஒருவர். மலையும் நீரும் ஒதுங்கிய குடில்களும் தீட்டி, கற்றோர் அவையில் போற்றப்பட்டவர். அவர் மக்காவ் சென்று 1682இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1688இல், தம் ஐம்பத்தாறாம் வயதில், சீனரான ஆயர் லுவோ வென்சாவின் கைகளால் குருத்துவ அருட்பொழிவு பெற்றார். பின்னர் 1718இல் இறக்கும்வரை ஷாங்காய், ஜியாதிங் பகுதிகளில் பங்குப் பணியாற்றினார். முதிய மீனவர் ஒருவரைப் பற்றிய அவர் பாடலில், மனிதரைப் பிடிக்கும் பணி பற்றிய பேச்சு வருகிறது. தாவ் யுவான்மிங்கின் மீனவன் அகத்தே ஒரு வானகத்தைக் கண்டு, திரும்பி, அதனை இழந்தான். வூ லியின் மீனவன் புறத்தே, மனிதர் நடுவே தேடச் செல்கிறான். தோட்ட மரபு தன்னை மீறி நடந்த ஒரு கணமாக இதை நான் காண்கிறேன்.

இளைப்பாறுதல் தவறா? இக்கேள்வி நமக்கும் உரியதே. ஆண்டுத் தியானத்துக்காக மதில் சூழ்ந்த இல்லங்களை நாடும் குருக்களும் துறவியரும், அன்றாடத்தின் சுமையில் ஒரு மணிநேரத் தனிமைக்கு ஏங்கும் குடும்பத்தாரும் இதைக் கேட்டாக வேண்டும். மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் இதற்கு வழி காட்டுகிறது. பணியால் உண்ணவும் நேரமின்றிச் சோர்ந்த சீடர்களை ஆண்டவரே பாலைநிலத்துக்கு அழைக்கிறார். ஓய்வு அவர் அளிக்கும் கொடை. படகு கரை சேரும் முன்னரே மக்கள் கூட்டம் அங்கே வந்து நிற்கிறது. அவர் ஓய்வை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டத்தையும் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள்மீது பரிவு கொள்கிறார். அந்தப் பாலைநிலமே அப்பம் பகிரும் புல்வெளியாகிறது. லூக்கா கூறும் செல்வரின் உவமையிலோ, அவர் யாரையும் அடித்ததாகவோ விரட்டியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. இலாசர் வாயிலில் கிடந்தார். வாயில் அப்படியே இருந்தது. அவ்வளவே அவர்மீதான குற்றச்சாட்டு.

சீனத் தோட்ட இலக்கியத்தை நம் இளையோர் படிக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். அழகிய அமைதிக்காக மட்டும் அன்று. கண்டிக்க வந்தவரைத் தம் எழுத்துக்குள் அனுமதித்த சிமா குவாங்குக்காகவும், நண்டு விருந்துக்குக் கணக்குப் போட்ட லியு பாட்டிக்காகவும் படிக்க வேண்டும். திருவிவிலியம் மனிதர் வெளியேற்றப்பட்ட ஒரு தோட்டத்தில் தொடங்கி, ஒரு நகரில் முடிகிறது. அந்நகரின் நடுவே வாழ்வின் மரம் மீண்டும் நிற்கிறது. அதன் வாயில்களோ ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை. அதற்கும் ஒரு மதில் உண்டு என்கிறது திருவெளிப்பாடு. அளவுகோல் கொண்டு அதை அளந்தும் காட்டுகிறது. ஆயினும், அங்கு புல் அறுப்போருக்கும் விறகு பொறுக்குவோருக்கும் இடம் போதாமற் போவதில்லை.